பட்டன்காரர் எழுந்துவிட்டார்

அத்தியாயம் பதினேழு

"பார்க்கலாம்" என்று பட்டன்காரர் சொன்னதோடு போன வாரம் சாப்பாட்டு மேஜை கலைந்தது. அந்தக் குடும்பத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும், அவர் வாயில் அந்தச் சொல் 'வேண்டாம்' என்றும் ஆகும், 'இன்னும் கொஞ்சம் இறங்கி வா' என்றும் ஆகும், 'பசிக்கிறது, அப்புறம் பேசு' என்றும் ஆகும். ஊரில் பாதிச் சட்டைகளுக்குப் பட்டனும் முக்கால்வாசிப் பைகளுக்கு ஜிப்பும் மொத்த விலையில் கொடுக்கிற மனிதர், தன் மனத்தை மட்டும் சில்லறையாகக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவருக்குச் சொந்தமாக ஒரு கால்பந்து அணி. வாங்கியபோது கடைவீதியே சிரித்தது. போன வருஷம் அந்த அணி லீகில் நான்காவதாக வந்ததும், சிரித்தவர்களே டிக்கெட்டுக்குச் சிபாரிசு பிடித்துக்கொண்டு வந்தார்கள். இந்த வருஷமோ கடைசிக்கு முந்தைய இடம். கீழ் லீகுக்குத் தள்ளப்படாமல் ஒரு நூலில் தப்பித்தது.

முழுசாகச் சொதப்பித் தோற்றிருந்தாலாவது மனசு ஆறும். இவர்கள் முக்கால் ஆட்டம் வரை முன்னால் நிற்பார்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் மொத்தமும் கொட்டிக் கவிழும். எதிரணி ரசிகர்கள், "கழண்டுடுச்சு, கழண்டுடுச்சு, பட்டன் கழண்டுடுச்சு" என்று கைதட்டிப் பாட்டே கட்டிவிட்டார்கள்.

"ரெண்டு கோச்சையும் மாத்தணும்ணே. பெரியவரையும் மாத்தணும், கோல்கீப்பருக்குச் சொல்லித் தர்றவரையும் மாத்தணும்" என்று பட்டன்காரரின் தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சித்தப்பா, சொன்னதுதான் போன வாரத்துச் சண்டை. அவர் கையோடு ஒரு புதுக் கோச்சையும் வரவழைத்து ஹோட்டலில் உட்கார வைத்திருந்தார்.

அந்த இரண்டு கோச்சுகளையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவள் பட்டன்காரரின் மகள். சின்ன வயதில் கடையில் நூல் வெட்ட எப்போதும் கத்திரிக்கோலும் கையுமாகத் திரிந்ததால் வீட்டிலும் வீதியிலும் அவள் பெயர் கத்திரி. இப்போது பேச்சை வெட்டுகிறாள் என்பதால் பெயர் இன்னும் பொருந்திவிட்டது. அணியை அவள் பொறுப்பில் விட்டு இரண்டு வருஷம். கோச்சுகள் போனால் அணி சித்தப்பா கைக்குப் போகும். அவள் பழையபடி கடையில் கொக்கி, ஊக்கு பிரிவுக்குப் போவாள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்று காலை பட்டன்காரர் டீயை ஆற்றிக்கொண்டே மகளைக் கூப்பிட்டார்.

"சித்தப்பா கொண்டுவந்த ஆள் சாயந்தரம் கடைக்கு வர்றாரு. அதுக்குள்ள எனக்கு ஒரு காரணம் கொண்டா."

"என்ன காரணம்பா?"

"நம்ம ஆளுங்க ஏன் தோத்தாங்கன்னு. 'நல்லவரு, உழைக்கிறாரு, நேரம் சரியில்ல'ன்னு ஆரம்பிச்சே, எழுந்து போயிடுவேன். ஒருத்தன் ஜிப்பு மாட்டுதுன்னு திருப்பிக் கொண்டுவந்தா நாம என்ன கேப்போம்?"

"பல்லா, பல்லு மேல ஓடற ரன்னரான்னு."

"அவ்வளவுதான். ஆட்டக்காரங்க பல்லு. கோச்சு ரன்னரு. எதுல கோளாறுன்னு எனக்குத் தெரியணும். பல்லு போயிருந்தா ரன்னரை மாத்தி என்ன பிரயோஜனம்? ரன்னரு போயிருந்தா அவரை வச்சுக்கிட்டு எதுக்கு இழுத்துக்கிட்டே இருக்கணும்?"

"ரன்னரு தான்ணே, இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்றார் சித்தப்பா, பிஸ்கட்டை டீயில் முக்கியபடி. பிஸ்கட் பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. கத்திரிக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

*

மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சீசன் முடிந்த மைதானம் விருந்தாளிகள் போன வீடு மாதிரி இருக்கும். இடம் நிறைய, சத்தம் கொஞ்சம். கேலரிக்கு அடியிலிருந்த கோச்சுகளின் அறைக்குள் கத்திரி நுழைந்தபோது, பெரிய கோச் ஒரு அட்டைப் பெட்டியை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்து பேசுவதைவிட ஊதுவது அதிகம் என்பதால் ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் விசில். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பட்டன்காரர் கடையின் பெயர் இருந்தது. முதலாளி வீட்டுப் பெட்டியிலேயே மூட்டை கட்டுகிறார்.

"அதுக்குள்ள கட்டிட்டீங்களா கோச்?"

"சொல்லி அனுப்பறதுக்கு முன்னாடி நாமளே கட்டி வச்சுட்டா கௌரவம், மேடம்."

"யாரு உங்களை அனுப்பப் போறாங்கன்னு சொன்னது?"

மூலையில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த இன்னொருவர் பதில் சொன்னார். அவர்தான் கோல்கீப்பர் கோச், ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் கிளவுஸ். "அந்தப் புதுக் கோச்சு நேத்தே வந்துட்டுப் போனாரு மேடம். வாடகைக்கு வீடு பாக்க வந்தவர் மாதிரி கதவைத் தட்டிப் பாத்தாரு, ஜன்னலைத் திறந்து பாத்தாரு. குழாயில தண்ணி ஒழுங்கா வருமான்னு என்கிட்டயே கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணி வரும், கோல்தான் வராதுன்னேன்."

விசில் சிரிக்கவில்லை. கத்திரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"கோச், நேராக் கேக்கறேன். கடைசிக் கால் மணி நேரத்துல நமக்கு என்ன ஆகுது?"

"தோக்கறோம்."

"அது பாட்டாவே பாடறாங்க, எனக்கும் கேக்குது. ஏன் தோக்கறோம்?"

"ஆள் மாத்தறேன். பின்னாடி தடுக்கிற ஒருத்தரை வெளிய எடுத்துட்டு, முன்னாடி கோல் போட ஒருத்தரை உள்ள விடறேன். பின்பக்கம் ஓட்டை விழுது. அதுல புகுந்து அடிச்சுட்டுப் போறாங்க."

"ஓட்டை விழும்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"ஒரு தடவை செஞ்சா தப்பு. எல்லாத் தடவையுமா?"

விசில் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ஊதவில்லை. பதில் வெளியே வந்துவிடாமல் தக்கை போட்டது மாதிரி இருந்தது.

"சொல்லிடுங்க சார். எப்படியும் போகத்தானே போறோம்" என்றார் கிளவுஸ். பிறகு அவரே சொன்னார். "சேரு எழுந்துடுது மேடம். அப்புறம் நாங்க என்ன பண்றது?"

"எந்தச் சேரு?"

கிளவுஸ் அவளை வெளியே அழைத்துப்போய், கோச்சுகள் உட்காரும் பெஞ்சில் உட்கார வைத்தார். இரண்டு வருஷமாக அணியை நடத்துகிறவள் அந்த இடத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நேர் எதிரே, மைதானத்துக்கு அந்தப் பக்கம், முதலாளி குடும்பத்துக்கான மேடை. வரிசையாக வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நட்ட நடுவில், உயரமான முதுகோடு, சிவப்பு ரெக்சின் உறை போட்ட ஒரே ஒரு நாற்காலி. கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. வேறு எதில் உட்கார்ந்தாலும் இடுப்பு பிடிக்கிறது என்று பட்டன்காரர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது. இங்கிருந்து பார்த்தால் வெள்ளைப் பல்வரிசையில் ஒரு சிவப்புப் பல்.

"போன வருஷமெல்லாம் ஐயா கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தாரு. இந்த வருஷம் முதல் உள்ளூர் ஆட்டம் ஞாபகம் இருக்கா மேடம்? ஒண்ணுக்குச் சைபர்னு ஜம்முனு போயிட்டிருந்துச்சு. திடீர்னு ஐயா எழுந்தாரு. குடையை எடுத்தாரு. படி இறங்கிப் போயிட்டாரு. எங்களுக்குக் குலை நடுங்கிடுச்சு. ஒரு கோல் பத்தலைன்னு கோவம் போலன்னு நினைச்சோம். சார் உடனே இன்னொரு ஃபார்வர்டை இறக்கினாரு. ரெண்டு கோல் வாங்கினோம். அடுத்த ஆட்டத்துலயும் எழுந்தாரு. அதுக்கடுத்ததுலயும். அப்புறம் பசங்களே பந்தைப் பாக்கறதை விட்டுட்டு அந்தச் சேரைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. காலியாச்சுன்னா ஒருத்தன் 'சேரு!'ன்னு கத்துவான். அவ்வளவுதான், பத்துப் பேரும் முன்னாடி ஓடுவாங்க. கோல்கீப்பர் ஒருத்தன்தான் பாவம், எங்க போறதுன்னு தெரியாம நின்னுக்கிட்டிருப்பான்."

கத்திரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விசில் முகத்தைப் பார்த்ததும் நின்றது. அந்த மனிதருக்கு நிஜமாகவே காயம் பட்டிருந்தது.

"அப்பா கோவிச்சுக்கிட்டுப் போறாருன்னா நினைச்சீங்க?"

"வேற எதுக்கு மேடம் ஒரு முதலாளி ஆட்டம் முடியறதுக்கு முன்னாடி எழுந்து போவாரு?"

கத்திரி எதிரே இருந்த மேடையை மறுபடி பார்த்தாள். அவள் அந்தச் சிவப்பு நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா எழுந்து போவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறாள். கால் நகர்த்தி வழிகூட விட்டிருக்கிறாள்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. பட்டன்காரர் எழுந்து போவது கடைவீதியில் சூரியன் உதிப்பது மாதிரி. சரக்கு விற்க வருகிறவன் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிடுவார். குடையை எடுப்பார். அவசரமே இருக்காது, பூனை சுவரோரம் போவது மாதிரி மெல்லப் போவார். வாசலில் செருப்பு வைக்கும் பலகையிடம் வந்ததும், செருப்பைத் தேடுகிற சாக்கில் கொஞ்சம் நிற்பார். கால்தான் வெளியே போகும், காது கல்லாவிலேயே இருக்கும். "இருங்க முதலாளி, இருங்க! பேசிக்கலாம்" என்று ஒரு குரல் வரும். திரும்பி வந்து உட்காருவார். தன் கல்யாணப் பேச்சிலேயே எழுந்தவர் அவர். பெண் வீட்டார் விழித்துக்கொண்டு நிற்க, "டீ ஆறிடும், குடிச்சுட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டது மணப்பெண்தான். கத்திரியின் அம்மா இன்றுவரை அதைத் தன் வெற்றி என்கிறாள், பட்டன்காரர் தன் வெற்றி என்கிறார்.

அப்படி எழுந்து போவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவளுக்கு, அப்பா எழுந்தார் என்பது ஒரு செய்தியே இல்லை. விசிலுக்கோ அது தீர்ப்பு.

கத்திரியின் மூளை இப்போது நூலைப் பிடித்துவிட்டது.

"கிளவுஸ், வெளியூர் ஆட்டத்துக்கு அப்பா வர்றதில்ல இல்ல?"

"எங்க வர்றாரு? கடையை யாரு பாத்துக்கிறதும்பாரு."

"அதுலெல்லாம் நாம எப்படி?"

கிளவுஸும் விசிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியூரில் இந்த அணி அவ்வளவு எளிதாகத் தோற்றதில்லை. பெரிய அணிகளையே கடைசிவரை கட்டிப் போட்டிருக்கிறது. உள்ளூரில்தான் ரசிகர்கள் கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறார்கள் என்று சித்தப்பா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார், எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள்.

"உள்ளூர்ல ஜெயிச்சோமா, ஒண்ணாவது?"

"ஒரே ஒண்ணு" என்றார் விசில், வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு. "மழையில ஆடினோமே, அது."

"அன்னிக்கு அப்பா..." கத்திரி எழுந்து நின்றுவிட்டாள். "அன்னிக்கு அப்பாவுக்குப் பல்லு பிடுங்கினாங்க! வீட்டுல படுத்திருந்தாரு!"

புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். முதலாளியின் பல் போனதற்கு மகள் இவ்வளவு சந்தோஷப்படுவது அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும்.

உறுதிப்படுத்திக்கொள்ள அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஆமாண்டி, பல்லு பிடுங்கின அன்னிக்கு வீட்டுலதான் இருந்தாரு. மேட்ச் அன்னிக்கு வெளிச்சத்துல அவர் முகத்தைப் பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான். மத்த நாளெல்லாம் வீடு வந்து சேர இருட்டிடும். ஏண்டி, அவ்வளவு நேரமா பந்து ஆடுவாங்க?"

"என்னம்மா சொல்றே? ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே அவர் கிளம்பிடுவாரே!"

"முன்னாடியா? நீ வந்து அரை மணி கழிச்சுதானே வருவாரு. வண்டியை நிறுத்திட்டு யார்கூடயாவது பேசிக்கிட்டு நிக்கிறாரோ என்னவோன்னு விட்டுட்டேன்."

அம்மா ஒன்று நினைத்திருக்கிறாள், மகள் ஒன்று நினைத்திருக்கிறாள். இரண்டையும் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. முதலில் கிளம்புகிறவர் கடைசியில் வீடு சேர்கிறார். நடுவில் எங்கே? கத்திரி அந்தக் கேள்வியைப் பத்திரமாக மடித்து வைத்தாள். இப்போதைக்குக் கையில் இருப்பது வேறு சிக்கல்.

"கோச், பெட்டியை ஒட்டாதீங்க. சாயந்தரம் போன் பண்றேன்."

"ஒட்டிட்டேனே மேடம்."

"அப்ப கட்டாதீங்க."

*

பட்டன்காரர் கடையில் மூன்று சுவரும் இழுப்பறைகள்தான். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றைத் தைத்து வைத்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஆயிரம் கண்கள் தங்களையே பார்ப்பது போல இருக்கும். புதுக் கோச் அந்தக் கண்களுக்கு நடுவே, கோட்டும் டையுமாக, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அவருக்குத் தானே டீ எடுத்துக் கொடுத்தார். வீட்டில் தண்ணீர் கேட்டால் கையைக் காட்டுகிறவர்.

கத்திரி உள்ளே வந்தபோது புதியவர் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார். பொய் சொல்லக் கூடாது, விஷயம் தெரிந்தவர்தான்.

"சார், உங்க டீம்ல முன்பக்கம் பிரச்சினையே இல்ல. பின்பக்கத்தைத்தான் கட்டணும். லீடு எடுத்துட்டா அதைக் காப்பாத்தத் தெரியணும். எனக்கு ரெண்டு வருஷம் பொறுமையா டைம் குடுங்க. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், என் முறையை நான் யாருக்காகவும் மாத்திக்க மாட்டேன்."

"கேட்டீங்களாண்ணே?" என்று சித்தப்பா பூரித்தார். "ஆம்பளைப் பேச்சு!"

பட்டன்காரர் கேட்டுக்கொண்டார். ஒரு பெரிய கோட்டுப் பட்டனை எடுத்து மேஜையில் சுற்றிவிட்டார். அது சுழன்று விழுந்ததும், "பார்க்கலாம்" என்றார்.

எழுந்தார். குடையை எடுத்தார்.

சித்தப்பா வழக்கம் போல, "அண்ணே, இருங்க..." என்று ஆரம்பித்தார். கத்திரி அவர் தோளை அழுத்தினாள். "கூப்பிடாதீங்க சித்தப்பா. ஒரு நிமிஷம் சும்மா பாருங்க. அவரைப் பாருங்க, அப்பாவை இல்ல."

புதியவர் முகத்தைக் கத்திரி படம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டன்காரர் மெல்ல நடந்தார். புதியவரின் கை டையைத் தொட்டது. பட்டன்காரர் செருப்புப் பலகையை அடைந்து செருப்பைத் தேடினார். புதியவர் டீயைக் கீழே வைத்தார். பட்டன்காரர் வாசலைத் தாண்டினார்.

"சாருக்கு... சாருக்கு டிஃபென்ஸ் ஆட்டம் பிடிக்காதோ?" என்றார் புதியவர்.

"தெரியலையே" என்றாள் கத்திரி.

"அப்படின்னா ஒண்ணும் இல்ல. முன்னாடி மூணு பேரைப் போட்டுடலாம். முதல் ஆட்டத்துலேருந்தே அட்டாக்தான். சொல்லுங்க சாருகிட்ட. ரெண்டு வருஷம்கூட வேண்டாம், ஒரு வருஷம் போதும். நாலு பேரைக்கூடப் போடலாம்!"

சித்தப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. சற்று முன் கேட்ட ஆம்பளைப் பேச்சு போன திசையை அவர் கண் தேடிக்கொண்டிருந்தது.

*

பட்டன்காரர் பக்கத்து விளக்குக் கடை வாசலில், வாங்கும் உத்தேசமே இல்லாத ஒரு விளக்கை அணைத்து அணைத்து எரிய விட்டுக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் குரலைத் தணித்தார்.

"இறங்கினானா?"

"இறங்கினாருப்பா. நம்ம விசில் எந்தப் படியில வந்து விழுந்தாரோ, அதே படிக்கு."

"என்ன சொல்றே?"

"காலையில காரணம் கேட்டீங்களே. பல்லும் இல்ல, ரன்னரும் இல்ல. துணி சிக்கியிருக்கு."

பட்டன்காரர் விளக்கை விட்டுவிட்டார். ஜிப் வியாபாரத்தில் பழுத்தவர். பல்லும் ரன்னரும் நன்றாக இருந்து ஜிப் மாட்டினால், உள்துணி நடுவில் புகுந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? "எந்தத் துணி?" என்றார்.

கத்திரி அவர் சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக் காட்டினாள்.

நாற்காலியைச் சொன்னாள், 'சேரு!' என்ற கத்தலைச் சொன்னாள், பல் பிடுங்கிய அன்று ஜெயித்ததைச் சொன்னாள். அவரால் பாதியில் எழுந்து போக முடியவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

"நான் எழுந்தா அவங்க எதுக்கு ஆட்டத்தை மாத்தணும்?" என்றார் கடைசியில், நிஜமாகவே புரியாமல். "கூப்பிட வேண்டியதுதானே?"

"எப்படிப்பா கூப்பிடுவாங்க? பந்து ஓடிக்கிட்டிருக்கறப்போ, 'முதலாளி, உட்காருங்க, பேசிக்கலாம்'னா?"

"இத்தனை வருஷத்துல நான் எழுந்து ஒருத்தரும் கூப்பிடாத இடம் அது ஒண்ணுதான்" என்றார் பட்டன்காரர். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

அதற்குள் சித்தப்பா வெளியே வந்துவிட்டார். அவர் விட்டுக்கொடுக்கிற ஆளா?

"சரி, அண்ணன் எழுந்தாரு, ஒத்துக்கறேன். சேரைப் பாத்து ஆள் மாத்தறவன் ஒரு கோச்சா? முதுகெலும்பு வேணாமா? அதுக்காகவே அனுப்பலாமே!"

நியாயமான கேள்வி.

"அனுப்பலாம் சித்தப்பா. அனுப்பிட்டு யாரைக் கொண்டுவருவீங்க? விசில் சார் முக்கால் ஆட்டம் வரைக்கும் தாக்குப்பிடிச்சு, கடைசியிலதான் பயந்தாரு. நீங்க கொண்டுவந்தவர் ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு ஃபார்வர்டு போட்டுட்டாரு."

"அது... அவருக்கு அண்ணனைத் தெரியாது."

"விசிலுக்கு மட்டும் யாரு சொன்னாங்க? நானும் சொல்லல, நீங்களும் சொல்லல. அப்பா எழுந்தா என்ன அர்த்தம்னு நம்ம வீட்டுக்கும் இந்தத் தெருவுக்கும்தான் தெரியும்."

பட்டன்காரர் கையை உயர்த்தினார். பேச்சு நின்றது.

"துணி சிக்கியிருக்கறப்போ ரன்னரை மாத்தினா, புது ரன்னரும் அதே இடத்துலதான் மாட்டும்" என்றார் தம்பியிடம். "அந்தப் பையனுக்கு நல்ல சாப்பாடு போட்டு மரியாதையா வழியனுப்பு. விசிலும் அந்தக் கிளவுஸும் இருக்கட்டும். முதல் நாலு உள்ளூர் ஆட்டம் பார்ப்போம். அப்பவும் கழண்டா கத்திரி கொக்கி தைக்கட்டும், டீமை நீ எடுத்துக்கோ."

சித்தப்பா, "பார்க்கலாம்" என்றார். அண்ணன் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

கத்திரி அங்கேயே நின்று விசிலுக்குப் போன் போட்டாள். "கோச், பெட்டியைப் பிரிங்க. நாலு ஆட்டம் இருக்கு. அப்பா கோவிச்சுக்கிட்டுப் போகல. ஒரு நாளும் கோவிச்சுக்கல."

"நாலு ஆட்டம்னா கெட்டிலை மட்டும் வெளிய எடுத்து வைக்கிறேன் மேடம்" என்று பதில் வந்தது. பின்னாலிருந்து கிளவுஸ் டேப்பைக் கிழிக்கிற சத்தமும் கேட்டது. ஆனந்தமாகக் கிழிக்கிற சத்தம்.

*

கடையில் அப்பாவும் மகளும் மட்டும். புதியவரையும் லேப்டாப்பையும் சித்தப்பா சாப்பிட அழைத்துப் போயிருந்தார். பட்டன்காரர் கல்லாவில் உட்கார்ந்து, விழுந்து கிடந்த கோட்டுப் பட்டனை அதன் இழுப்பறையில் போட்டு மூடினார்.

"ஆக, நான் கடைசிவரைக்கும் உட்காரணும்."

"ஆமாம்பா. ஆட்டம் முடிஞ்சு ரெஃப்ரி ஊதற வரைக்கும். சிரிக்கக்கூட வேண்டாம். சும்மா உட்கார்ந்தா போதும்."

"உட்கார்றேன்."

இவ்வளவு சுலபமாகவா? கத்திரிக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பேரத்தில் அப்பா முதல் விலைக்கே ஒத்துக்கொண்டு அவள் பார்த்ததில்லை. காலையில் மடித்து வைத்திருந்த கேள்வி தானாகப் பிரிந்தது.

"அப்பா, கடையில நீங்க எதுக்கு எழுந்துக்கறீங்கன்னு தெரியும். மைதானத்துல யாருகிட்ட பேரம் பேசறீங்க?"

அவர் மேஜை துடைக்கும் துணியை எடுத்தார்.

"முதல்ல கிளம்பறீங்க, கடைசியில வீட்டுக்கு வர்றீங்க. அம்மா சொன்னாங்க."

"அம்மா வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணும் சொல்லல. அவங்களுக்குத் தெரியாது போல."

பட்டன்காரர் மேஜைக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். மகளை நிமிர்ந்து பார்த்தபோது அந்த முகத்தில் வியாபாரம் இல்லை.

"உட்கார்றேன்னு சொல்லிட்டேன், உட்கார்வேன். ஆனா ஒண்ணு. நான் எழுந்து போற நேரத்துல ஒரு இடத்துல எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. நான் இங்க உட்கார்ந்தா, எனக்குப் பதிலா அங்க நீ போகணும்."

"எங்கப்பா? யாரு காத்துக்கிட்டிருப்பாங்க?"

அவர் எழுந்தார்.

கத்திரி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அப்பா எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கா தெரியாது? செருப்புப் பலகை வரட்டும், அங்கே நிற்கட்டும், அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பட்டன்காரர் வேகமாக நடந்தார். செருப்புப் பலகையிடம் நிற்கவே இல்லை. குடை கல்லாவின் மேலேயே கிடந்தது.

"அப்பா, இருங்க! பேசிக்கலாம்!"

அவள் பதறி எழுந்து கூப்பிட்டது தெருமுனை வரை கேட்டிருக்கும். விளக்குக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். பட்டன்காரர் திரும்பவில்லை. இந்த முறை அவர் காதையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருந்தார்.